வாகையேந்தலுக்குப் பூஜ்ஜியம் வந்த நாள்

வாகையேந்தலில் அந்த ஜூன் மாதம் முழுக்க எண்களே இல்லை, ஏனென்றால் கமலவேணி டீச்சரின் பாடத்திட்டத்தில் எண்கள் ஜூலையில்தான் தொடங்கின.

டீச்சர் மேல் தப்பில்லை. பதினேழு வருஷமாக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறவர். நூறு வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பிள்ளையிடம் "போய் நாலு கல்லு எடுத்துட்டு வா" என்றால் அது இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர். அதனால் அந்தக் கோடை விடுமுறையில் ஒரு நீள நோட்டு வாங்கி, சிவப்பு மையில் ஓரக்கோடு போட்டு, புதிதாகப் பள்ளிக்கூடம் வரப்போகிற பிள்ளைகளுக்குக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது, எதற்குப் பிறகு எதைச் சொல்வது என்று ஒரு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டம் எழுதினார். ஜூனில் கூட, குறைய, பெரிது, சிறிது, உள்ளே, வெளியே. ஜூலையில் ஒன்றிலிருந்து ஐந்து. ஆகஸ்டில் ஆறிலிருந்து ஒன்பது. செப்டம்பரில் பூஜ்ஜியம், அது வந்த பிறகே பத்து. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'பிள்ளைகள் எல்லோரும் நன்றாக அறியும்வரை எந்த எண்ணும் உள்ளே வராது' என்று எழுதி அடிக்கோடும் போட்டார். பள்ளி திறக்கிற அன்று காலையில் அந்த நோட்டை முனியய்யா கோவிலில் வைத்துக் குங்குமம் தடவி எடுத்துப் போனார். கோவிலில் வைத்ததால்தான் அப்படி ஆனது என்று பாதிப் பேரும், அடிக்கோடு போட்டதால்தான் என்று மீதிப் பேரும் சொன்னார்கள். அதற்கு மேல் விசாரிக்க எங்களுக்கு நேரமில்லை, கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற காலம் அது.

அன்று முதல் மணி அடித்ததும் தினசரிக் காலண்டர்கள் வெறும் வெள்ளைத் தாள்களாயின, கடிகாரங்களில் முள் மட்டும் சுற்றியது, கதவுகளில் பெயிண்டால் எழுதியிருந்த வீட்டு எண்கள் உதிர்ந்தன, செல்போன் பொத்தான்கள் வழுவழுவென்று ஆயின, யாருக்காவது சேதி சொல்ல வேண்டுமானால் கண்மாய்க் கரையில் நின்று கூப்பிட்டுச் சொன்னோம். ஒரு கல்யாணத்துக்கு 'நிலா பெரிதாக இருக்கிற நாளுக்கு மறுநாள், வெயில் குறைவாக இருக்கிற நேரத்தில்' என்று பத்திரிகை அடித்தார்கள், எல்லோரும் சரியாகத்தான் வந்து சாப்பிட்டார்கள். உன் வயசென்ன என்று கேட்டால் 'ரொம்ப' என்றோ 'ரொம்ப இல்லை' என்றோ சொன்னால் போதும் என்றானதில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு உள்ளூரச் சந்தோஷம். நானும் 'ரொம்ப இல்லை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் பஞ்சவர்ணம். பள்ளிக்கூடத்தை ஒட்டிப் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். ஒன்றாம் வகுப்பில் அந்த வருஷம் சேர்ந்த ஆறு பிள்ளைகளில் ஒருவனான கார்மேகம் என் மகன். ஊரே அவனால்தான் தாமதமானது என்று சொல்வார்கள், அது உண்மைதான், மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஜூலை பிறந்து டீச்சர் ஒரு கூழாங்கல்லை எடுத்து மேசைமேல் வைத்து "இது எத்தனை?" என்று கேட்டபோது ஆறு பிள்ளைகளும் ஒரே குரலில் "லாபம்" என்றன. எங்கள் ஊரில் யார் வீட்டு நெற்குதிரைத் திறந்து எடுத்தாலும் படி பிடித்து அளக்கிறவர் சேவுகன். அவர் முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டார், லாபம் என்றுதான் சொல்வார், பிறகு ரெண்டு, மூணு என்று போவார். அவர் அளக்கிற இடத்தில் சிந்துகிற நெல்லைப் பொறுக்கி விளையாடி வளர்ந்த பிள்ளைகள் வேறு எப்படிச் சொல்லும்? டீச்சர் "ஒன்று" என்றார். பிள்ளைகள் "லாபம்" என்றன. டீச்சர் ஒரு பென்சிலை எடுத்தார், லாபம், ஒரு வாழைப்பழத்தை எடுத்தார், லாபம், தன்னையே காட்டி "எத்தனை டீச்சர்?" என்றார், லாபம். அந்த வாரம் முழுக்க இதே கதைதான், ஊருக்குள் ஒன்று வந்துசேரவே இல்லை.

கடைசியில் டீச்சர் சேவுகனையே வரவழைத்து வகுப்பில் உட்கார வைத்தார். சேவுகனின் மகள் பாண்டிமீனாவும் அதே வகுப்புதான், அப்பாவைப் பக்கத்துப் பலகையில் பார்த்ததும் அதற்கு ஒரே பெருமை. "அண்ணே, இந்தக் கல்லைப் பார்த்து ஒன்றுன்னு சொல்லுங்க, பிள்ளைங்க உங்க வாயைப் பார்த்துத்தான் பழகியிருக்கு" என்றார் டீச்சர். சேவுகன் கல்லைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்தார், "முதலுக்கு அப்பிடிச் சொல்லி நாக்கு பழகல டீச்சர், சொன்னா நெல்லு வீட்டுல தங்காதும்பாக" என்றார். பிறகு மகள் பார்க்கிறாளே என்று கண்ணை மூடிக்கொண்டு, காதில் விழுந்ததா என்று சந்தேகப்படும்படியாக "ஒண்ணு" என்றார். பிள்ளைகளும் சொல்லின. சேவுகன் நேராக வீட்டுக்குப் போய் வாயைக் கொப்பளித்து நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டார், எங்கள் ஊர்க் காலண்டர்களில் முதல் தேதி அச்சானது.

நாலில் என் மகன் நின்றுவிட்டான். மற்ற ஐந்தும் நாலைத் தெரிந்துகொண்டன, இவனுக்கு மட்டும் நாலு கல்லைக் காட்டினால் ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மூன்று என்பான். அவன் அறியும்வரை ஊருக்குள் நாலு வரப்போவதில்லை, ஊரே மூன்றாம் தேதியில் நின்றது, எத்தனை நாள் நின்றது என்று கேட்காதீர்கள், மூன்றுக்கு மேல் எண்ண எங்களுக்கு வழியில்லை. போகிறவன் வருகிறவன் எல்லாம் அவனை மறித்து மிளகாய் வற்றலைக் காட்டி "இது எத்தன மாப்ள?" என்பான். கட்டிலுக்கு எத்தனை கால் என்று காட்டுவதற்காகப் பஞ்சாயத்துத் தலைவர் பூமிநாதன் தன் வீட்டுக் கட்டிலையே தெருவில் கொண்டுவந்து போட்டார். சாயங்காலமானால் என் கடை வாசலில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி, "இன்னைக்கி வகுப்புல என்ன ஆச்சு, ஒம் மகன் சொன்னானா?" என்று கூட்டம் கூடும். ஒருநாள் அவனாகவே ஆட்டுக்குட்டியைத் தடவிக்கொண்டிருந்தவன் ஒவ்வொரு காலாகப் பிடித்துப் பார்த்துவிட்டு "நாலு" என்றான், தெருக்கோடியில் யாரோ வெடி போட்டார்கள். எனக்கு வந்த அழுகையை அடக்கமாட்டாமல் கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இப்படியே ஆகஸ்டு முடியும்போது ஒன்பது வரை வந்துவிட்டோம். காலையில் ஒன்பது மணி வரை கடிகாரம் ஒழுங்காகக் காட்டியது; பத்து மணிக்குத் திறக்கிற அலுவலகங்கள் எங்களுக்குத் திறக்கவில்லை, அதில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. டீச்சரின் நோட்டில் அடுத்து என்ன என்பதைப் பஞ்சாங்கம் பார்க்கிற மாதிரி எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அப்போதுதான் ஒரு விஷயம் எங்களுக்கு உறைத்தது. ஊரில் எதுவும் தீர்ந்துபோகவில்லை. வருஷா வருஷம் ஆவணியில் காற்றைத் துப்புகிற தெருக்குழாயில் போகிறவர்களுக்கெல்லாம் ஒரு குடம் தண்ணீர் வந்தது, அரிசிப் பானையில் எப்போது கைவிட்டாலும் அடியில் ஒரு படி கிடந்தது, என் கடையில் கடைசி வத்திப்பெட்டியை எடுத்துக் கொடுத்தால் இன்னொரு கடைசி வத்திப்பெட்டி இருந்தது. ஒன்றுமே இல்லை என்பதற்கான எண்ணைப் பிள்ளைகள் இன்னும் படிக்கவில்லை, அதனால் ஒன்றுமில்லாமல் போவதற்கு எந்தப் பொருளாலும் முடியவில்லை. லாரித் தண்ணீருக்கு அடித்துக்கொண்டு மண்டை உடைகிற ஊர் எங்கள் ஊர். அந்த வருஷம் குடங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு மத்தியானத்தில் படுத்துத் தூங்கினோம்.

எல்லோருக்கும் நல்லதாக இருந்த இது ஒருத்திக்கு மட்டும் ஆகவில்லை. சேவுகன் பெண்சாதி முத்துப்பேச்சி, பாண்டிமீனாவுக்குப் பிறகு ஆறு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். பிள்ளைகள் ஒன்பதைப் படித்தபோது அவளுக்கு ஒன்பதாம் மாதம். அதற்குப் பிறகும் ஒன்பதாம் மாதம். வாராவாரம் வருகிற நர்ஸ் அட்டையில் ஒன்பது என்றே எழுதிவிட்டுப் போனாள். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஒன்பதாம் மாசம்தான் ஓடுகிறது, எல்லாம் நன்றாக இருக்கிறது, வலி வந்தால் வாருங்கள் என்று சொன்னார். ஊர் எல்லையைத் தாண்டினாலும் வயிறு ஊர்க் கணக்கிலேயே இருந்தது. பத்து வந்தால்தான் அவளுக்குப் பத்தாம் மாதம் வரும், பூஜ்ஜியம் வந்தால்தான் பத்து வரும். பூஜ்ஜியத்தை விட்டுவிட்டு நேராகப் பத்துக்குப் போய்ப் பார்த்தார் டீச்சர். பிள்ளைகள் வாயால் பத்து என்று சொல்லின, சிலேட்டில் ஒன்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் என்ன போடுவதென்று தெரியாமல் டீச்சர் முகத்தைப் பார்த்தன, வயிற்றில் எந்த மாற்றமும் இல்லை.

செப்டம்பர் பாதியில், பூஜ்ஜியப் பாடம் தொடங்குகிறதற்கு முந்தின நாள் பள்ளிக்கூட வராந்தாவில் ஊர் கூடியது. பூமிநாதன் பணிவாகத்தான் கேட்டார்.

"டீச்சர், நீங்க செஞ்சதெல்லாம் சரி. ஒம்பதோட நிறுத்திக்கிருங்க. ஒம்பது ராசியான நம்பரு, அதுக்கு மேல எங்க பிள்ளைகளுக்கு எதுக்கு?"

"பத்து வேணாமா தலைவரே? நூறு வேணாமா? பெரிய வகுப்புக்குப் போய் என்ன பண்ணும்?"

"அது போகும்போது பாத்துக்குவோம். இந்தப் பூஜ்ஜியத்தை நீங்க உள்ள விட்டீங்கன்னா குழாயில தண்ணி நின்னுரும். நாங்க மறுபடியும் லாரி பின்னாடி ஓடணும். ஒரு பாடந்தான, அதை விட்டுட்டா ஆகாதா?"

ஆகும் ஆகும் என்று நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். சேவுகன் தூணோரமாக உட்கார்ந்து தரையில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டுப் பானையிலும் அந்தக் கடைசிப் படி கிடந்தது. அப்போது முத்துப்பேச்சி இடுப்பில் கைகொடுத்துக்கொண்டு தெருவில் வந்தாள். வளைகாப்பு வளையல் சாயம் போயிருந்தது, கால் இரண்டும் வீங்கிச் செருப்பில் நுழையவில்லை. பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள், அவள் உட்காரவில்லை.

"ஒக்காந்தா எந்திரிக்க முடியல, படுத்தா மூச்சு முட்டுது. உள்ள பிள்ளைக்குப் பல்லு மொளைச்சிரும் போலருக்கு. நீங்க தண்ணி குடிங்க, நான் வேணாங்கல. எனக்கு இதை எறக்கிவிட ஒரு வழி சொல்லிட்டுக் குடிங்க" என்றாள்.

பூமிநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, டீச்சர் பாடத்தை நடத்தட்டும், பிள்ளைகள் கற்றுக்கொண்டால் கற்றுக்கொள்ளட்டும், நாம் தடுத்தோம் என்று வேண்டாம் என்றார். எல்லோரும் நிம்மதியாக எழுந்து வீட்டுக்குப் போய், அவரவர் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, நாளைக்கு டீச்சர் வெறும் தட்டைக் காட்டி எத்தனை என்று கேட்டால் 'நெறஞ்சிருக்கு' என்று சொல்லு, வேறு எதுவும் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்தோம். அது பொய்யும் இல்லை. எங்கள் வீடுகளில் அரிசி தீர்ந்தாலும் உப்பு தீர்ந்தாலும் இல்லை என்கிற சொல்லைச் சொல்ல மாட்டோம், நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்லி வாங்கி வரச் சொல்வோம். பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை. கார்மேகத்துக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன், இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன், சரியாகச் சொன்னான், ஒரு தேன்மிட்டாய் கொடுத்தேன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் டீச்சர் ஒரு தட்டில் ஐந்து புளியங்கொட்டையை வைத்து ஒவ்வொன்றாக எடுத்தார். ஐந்து, நாலு, மூன்று, இரண்டு, ஒன்று என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டே வந்தன. கடைசிக் கொட்டையை எடுத்தார், தட்டில் ஒரு கொட்டை இருந்தது. அதையும் எடுத்தார், ஒரு கொட்டை இருந்தது. "இன்னும் லாபம் இருக்கு டீச்சர்" என்றான் கார்மேகம். "லாபம் இல்ல, ஒன்று" என்று பல்லைக் கடித்துக்கொண்டே திருத்தினார் டீச்சர். மத்தியானம் வரை எடுத்தார், மேசை இழுப்பறை நிறைந்தது, முந்தானை நிறைந்தது, சத்துணவு அண்டா ஒன்றை வாங்கி அதுவும் பாதி நிறைந்தது, தட்டில் ஒரு கொட்டை இருந்தது. கரும்பலகையில் வட்டமாக வரைந்து இது என்ன என்று கேட்டார். முட்டை என்றது ஒன்று, வளையல் என்றது ஒன்று. எங்கள் பிள்ளைகள் வீட்டில் சொன்னபடி நெறஞ்சிருக்கு என்று சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை, இந்த ஊரில் வெறும் தட்டைக் காட்ட யாராலும் முடியாது. டீச்சர் நோட்டில் 'நோக்கம் நிறைவேறவில்லை' என்று எழுதினார். மறுநாள் தண்ணீர்க் குவளையை வைத்துச் செய்தார், அதற்கு மறுநாள் பலூனை வைத்துச் செய்தார், எழுதியதை அடித்து எழுதினார், அடித்ததன் மேல் தாள் ஒட்டி எழுதினார். செப்டம்பர் போய் அக்டோபர் வந்தது.

ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் நர்ஸ் முத்துப்பேச்சியின் வயிற்றில் காதுக்குழாயை வைத்து வழக்கத்தைவிட நேரம் கேட்டாள். வெளியே வந்து என் கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே, வீட்டுக்குக் கிளம்பிய டீச்சரிடம், "துடிப்பு கொறஞ்சுக்கிட்டு வருது டீச்சர். எனக்கு எழுத ஒம்பதைத் தவிர வேற நம்பர் இல்ல. இன்னும் ஒரு வாரம் போனா எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அவள் குடித்து வைத்த குவளையின் அடியில் ஒரு வாய்த் தண்ணீர் மின்னிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன், டீச்சர் என்னைப் பார்த்தார். நேராகச் சேவுகன் வீட்டுக்கு நடந்தார்.

அங்கே நடுவீட்டில் ஆடியிலேயே கட்டிய சேலைத் தொட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. வெறுந்தொட்டில் ஆடக்கூடாது என்று சேவுகன் அதில் ஒரு குழவிக்கல்லைப் போட்டு வைத்திருந்தார். பாண்டிமீனா அதை மெல்ல ஆட்டிக்கொண்டே, "டீச்சர், தட்டுல கொட்டை இருந்துச்சு, எடுத்தீங்க, இன்னும் இருந்துச்சு. இதுல பாப்பா இனிமேத்தான வரணும், எப்பிடி எடுப்பீங்க?" என்று கேட்டாள். டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். எழுதின இத்தனை திட்டத்திலும் இருப்பதை எடுத்து எடுத்தே பூஜ்ஜியத்துக்குப் போகப் பார்த்திருக்கிறோம், வராதது ஒன்று ஊரிலேயே இருக்கிறதே என்று அப்போதுதான் தோன்றியது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அரைமணி நேரத்தில் ஆறு பிள்ளைகளும் வரிசையாகச் சேவுகன் வீட்டுக்குப் போவதைக் கடையிலிருந்து பார்த்தேன். உள்ளே நடந்ததைக் கார்மேகம் எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். தொட்டிலில் என்ன இருக்கிறது என்று டீச்சர் கேட்டார். குழவிக்கல்லு என்றார்கள். எத்தனை கல் என்றார். ஒன்று என்றார்கள். எத்தனை பாப்பா என்றார். கார்மேகம், நான் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்து, "நெறஞ்சி..." என்று ஆரம்பித்தானாம். பாண்டிமீனா அவனைத் திரும்பிப் பார்த்தாளாம், கண்ணில் தண்ணீர் நின்றதாம். அவன் பாதியில் நிறுத்திவிட்டான். அவள்தான் சொன்னாள், "பாப்பா இல்ல டீச்சர்." எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குள் நின்று இப்படி ஒரு பிள்ளை சொன்னதில்லை. டீச்சர் கீழே உட்கார்ந்து சாக்பீஸால் தரையில் ஒரு வட்டம் போட்டு, "தொட்டில்ல இருக்கிற பாப்பா இத்தனை. இதுக்குப் பேரு பூஜ்ஜியம்" என்றார். பாண்டிமீனா சொன்னாள். அடுத்தது சொன்னது, அதற்கடுத்தது சொன்னது. கடைசியில் என் மகன். அவன் மட்டும் சும்மா சொல்லிவிடவில்லை, தொட்டிலை விலக்கிப் பார்த்தான், கல்லைத் தூக்கி அடியில் பார்த்தான், சேலை மடிப்பில் கைவிட்டுத் துழாவினான், வெளிப்பக்கமாகச் சுற்றிவந்து பார்த்தான், எல்லா இடமும் பார்த்தாகிவிட்டது என்கிற நிச்சயத்தோடு திரும்பி, "பூஜ்ஜியம் டீச்சர்" என்றான்.

என் கடையில் நர்ஸ் குடித்த குவளை காய்ந்துபோனது. வத்திப்பெட்டித் தட்டு காலியானது. தெருக்குழாய் ஒரு தும்மல் போட்டுவிட்டு நின்றது, வீட்டுக்கு வீடு பானைக்குள் கைவிட்ட பெண்கள் மண்ணைத் தொட்டார்கள். கமுக்கமாகப் படுத்திருந்த ஊர் எழுந்து குடமும் கையுமாகச் சேவுகன் வீட்டுக்கு ஓடியது, நானும் ஓடினேன், என் கையிலும் ஒரு குடம் இருந்தது, வாயில் நல்ல வார்த்தை எதுவும் இல்லை. எல்லோருக்கும் கடைசியாகப் பூமிநாதன் தலை நிறையச் சோப்பு நுரையோடும் ஈரத் துண்டோடும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார், கண் எரிச்சலில் அவருக்கு யார் மேல் கோபப்படுவதென்றுகூடத் தெரியவில்லை.

டீச்சர் வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "நல்லவேளை, நீங்களே கொண்டுவந்துட்டீங்க. குடத்தை வரிசையா வைங்க" என்றார். அவர் சொன்ன குரலுக்கு நாங்கள் வைத்துவிட்டோம், ஏனென்றே தெரியவில்லை. பிள்ளைகள் வெளியே வந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணின. முன்வரிசையில் என் குடத்தோடு ஒன்பது. அதற்குப் பக்கத்தில் பூமிநாதனின் வாளி. டீச்சர் மண்ணில் ஒன்றைப் போட்டார், பக்கத்தில் இப்போது என்ன போடுவது என்று பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது, பாண்டிமீனா ஓடிவந்து வட்டத்தைப் போட்டாள். மற்ற ஐந்து பிள்ளைகளும் சொல்லிவிட்டன. கார்மேகம் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.

அவன் எண்ணுவதற்குள் ஒரு கரிமூட்டம் எரிந்து ஆறிவிடும். ஒன்று என்றான், குடத்துக்குள் எட்டிப் பார்த்தான். இரண்டு என்றான், அதற்குள்ளும் பார்த்தான். உள்ளே முத்துப்பேச்சி முனகுகிற சத்தம் கேட்டது. ஐந்தில் நின்று மூக்கை நோண்டினான். ஏழுக்கு அப்புறம் எட்டா என்று சந்தேகம் வந்து திரும்ப முதல் குடத்துக்குப் போனான். சண்டைக்கு வந்த கூட்டத்திலிருந்து யாரோ மெதுவாக, "பாத்து எண்ணுய்யா, அவசரமில்ல" என்றார்கள். ஈரத் துண்டோடு பூமிநாதன் என் மகனுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "சொல்லுய்யா கார்மேகம், இந்த வாளிதாய்யா, ஏங் கண்ணு" என்று கெஞ்சினார். திட்ட வந்த நான் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றேன். மகனே, நான் சொல்லிக்கொடுத்ததை மறந்துவிடு, டீச்சர் சொன்னதைச் சொல்லு என்று உதடு அசையாமல் சொன்னேன்.

ஒன்பது என்றான். வாளியைத் தொட்டான். மண்ணில் எழுதியிருந்ததைக் குனிந்து பார்த்தான்.

"பத்து" என்றான்.

உள்ளே முத்துப்பேச்சி போட்ட சத்தத்தில் கூரையில் உட்கார்ந்திருந்த காக்கைகள் பறந்தன. இத்தனை நாள் காத்திருந்த பிள்ளை அதற்கு மேல் ஒரு நிமிஷம் காத்திருக்கத் தயாராக இல்லை. நர்ஸ் பையை எடுத்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் தலை தெரிந்துவிட்டது. பிறந்தது பெண். அழத் தாமதமானது. நர்ஸ் அதைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள், நாங்கள் வெளியே காலிக் குடங்களுக்கு நடுவில் நின்று அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம், என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. பிறகு அழுதது. குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும் என்றாள் நர்ஸ், ஊரில் ஒரு சொட்டு இல்லை. பூமிநாதன் அந்த நுரைத் தலையோடேயே வண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய் இரண்டு கேன் தண்ணீர் வாங்கி வந்தார், ஒரு கேனைப் பிள்ளைக்குக் கொடுத்தார், இன்னொன்றில் பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் பழையபடி தீர ஆரம்பித்தது. லாரி வந்தது, அடித்துக்கொண்டோம், குடத்துக்குக் குடம் இடித்துச் சொட்டையானது. கமலவேணி டீச்சரைத் திட்டாத நாளில்லை, திட்டிவிட்டு அவர் வருகிற நேரத்துக்கு எங்கள் குடத்தில் ஒரு செம்பு எடுத்து வைப்போம்.

பதினாறாம் நாள்தான் பிள்ளையைத் தொட்டிலில் போடுவது வழக்கம். பதினாறு டீச்சரின் நோட்டில் டிசம்பரில் இருந்ததால் பத்தாம் நாளிலேயே போட்டார்கள். ஊர் முழுக்க வந்திருந்தது. டீச்சர் ஆறு பிள்ளைகளையும் வரிசையாக அழைத்துவந்து தொட்டிலைச் சுற்றி நிறுத்தினார், கையில் நோட்டும் சிவப்புப் பேனாவும் இருந்தன, அன்றைய பக்கத்தில் 'மீள்பார்வை' என்று எழுதியிருந்தது. சேவுகன் குழவிக்கல்லை எடுத்துக் கீழே வைத்தார். முத்துப்பேச்சி பிள்ளையை எடுத்துத் தொட்டிலில் கிடத்தினாள். அது கையை முறுக்கிக்கொண்டு கொட்டாவி விட்டது.

"இப்ப தொட்டில்ல எத்தனை பாப்பா?" என்று கேட்டார் டீச்சர்.

ஆறு பிள்ளைகளும் யோசிக்கவே இல்லை. "லாபம்!" என்றன.

அந்த ஒரு வார்த்தையை மாற்றுவதற்கு டீச்சர் ஜூலையில் பட்ட பாடு எங்கள் எல்லோருக்கும் தெரியும். சேவுகன் குற்றம் செய்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் பேனா மூடியைத் திறந்தார், நோட்டை விரித்தார், ஒன்றும் எழுதாமல் தொட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரியாக் காதுல விழல. இன்னொருக்கா சொல்லுங்க" என்றார்.